சிவிடி கியர்பாக்ஸ்: வாங்கும் முன் சோதிப்பது, வாங்கிய பின் காப்பாற்றுவது

நான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கும் மெக்கானிக். இதுவரை நூற்றைம்பது சிவிடிகளுக்கு (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) மேல் பிரித்து மேசையில் போட்டிருப்பேன். அவற்றில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோனவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை எல்லாம் மாதக்கணக்கில் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டே இருந்தவைதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஓர் ஆசிரியையின் கார் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது லேசாக உதறுகிறது என்று வழக்கமான சர்வீஸில் சொல்லியிருக்கிறார். "இந்த கியர்பாக்ஸ் அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்தக் கார் இழுவை வண்டியில் என்னிடம் வந்தது. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியதும், மாலை அறுந்து மணிகள் உதிர்ந்ததுபோல பெல்ட்டின் தகடுகள் எண்ணெயோடு கொட்டின. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்பவே பாத்திருந்தா?" அப்போதே ஸ்கேனர் (காரின் கணினியைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்த்திருந்தால் பெரும்பாலும் வால்வு பாடியோடும் (எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தொகுதி) புது எண்ணெயோடும் முடிந்திருக்கும். அந்தக் கேள்வியை இன்னொருவர் கேட்க நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கிவிடும். சிவிடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் கிடையாது. கூம்பு வடிவப் புல்லிகள் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஒரு பெல்ட், அவ்வளவுதான். புல்லியின் இரு பாதிகளும் நெருங்கினால் பெல்ட் வெளிப்பக்கம் ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். ஒரு புல்லியில் ஏறும்போது மற்றதில் இறங்கும். அப்படியே இன்ஜின் சுற்றுக்கும் சக்கரச் சுற்றுக்கும் உள்ள விகிதம் படியில்லாமல் மாறிக்கொண்டே போகும். 1958ல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் தன் 600 காரில் இதை ரப்பர் பெல்ட்டோடு காட்டியது. எஃகு பெல்ட் 1987ல் சுபாரு ஜஸ்டி போன்ற சிறு கார்களில் வந்தது. இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது அந்த வகைதான்: மெல்லிய எஃகு வளையங்கள் இரண்டு அடுக்காக இருக்கும், அவற்றில் சுமார் 400 சிறு தகடுகள் நெருக்கமாகக் கோர்த்திருக்கும். சைக்கிள் செயின் இழுத்து ஓட்டுகிறது. இது தகடு தகடைத் தள்ளி ஓட்டுகிறது. ஆடியின் மல்டிட்ரானிக், சுபாருவின் லீனியர்ட்ரானிக் போன்ற சிலவற்றில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். அந்தச் செயின் தள்ளாமல் இழுத்து ஓட்டும், ஆனால் புல்லியில் ஏறி இறங்கி விகிதம் மாறும் விதம் ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது இதைத்தான்: வழுவழுப்பான எஃகின் மேல் வழுவழுப்பான எஃகு. பல் எதுவும் இல்லை. வழுக்காமல் பிடித்துவைத்திருப்பவை இரண்டு. ஒன்று, புல்லியை நெருக்கும் எண்ணெய் அழுத்தம். இரண்டு, தொடும் இடத்தில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் பிடிப்பு. இரண்டுமே எண்ணெய்தான். சாதாரண கியர்பாக்ஸில் எண்ணெய் பல்லைக் காக்கிறது. சிவிடியில் எண்ணெய்தான் பல்.

அழுத்தம் குறைந்தால் பெல்ட் ஒரு கணம் வழுக்கும். அந்த ஒரு கணத்தில் புல்லியின் முகத்தில் கீறல் விழும், எஃகுத் துகள் எண்ணெயில் கலக்கும். அந்தத் துகள் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளுக்குள் போய் ஒரு வால்வைச் சிக்கவைக்கும். அழுத்தம் இன்னும் குறையும், பெல்ட் இன்னும் வழுக்கும். நான் பிரித்த கியர்பாக்ஸ் பெட்டிகளில் பாதிக்கு மேல் இந்தச் சுழலில் செத்தவைதான். சுழல் தொடங்கிய புதிதில் நிறுத்திவிடலாம். புல்லி கீறிய பிறகு முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டொயோட்டா ஹைப்ரிட் கார்களில் 'இ-சிவிடி' என்று எழுதியிருக்கும். அதில் புல்லியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கோள் கியர்த் தொகுதி ஒன்றும் மின்மோட்டார்களும்தான். பெயர் மட்டும்தான் ஒன்று. இங்கே நான் சொல்லும் பயம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

எது இயல்பு, எது கோளாறு

ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் சத்தம் ஒரே சுருதியில் நின்று, கார் பின்னால் மெல்ல வேகம் பிடிப்பது இயல்பு. புதிதாக சிவிடி ஓட்டுபவர்கள் இதைத்தான் 'வழுக்குகிறது' என்று நினைத்துப் பயந்து வருகிறார்கள். வேகமும் சீராக ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுற்றைக் காட்டுவது) சட்டென்று துள்ளி, வேகம் அசையாமல் நின்றால் அதுதான் வழுக்கல்.

கோளாறில் முதலாவது உதறல். 20 முதல் 60 கிலோமீட்டர் வேகத்துக்குள், காலை லேசாக வைத்து ஓட்டும்போது, கரடுமுரடான சாலையில் போவதுபோல ஒரு நடுக்கம். இதைக் கேட்டதும் கியர்பாக்ஸ்மேல் பழி போட்டுவிடக்கூடாது. தேய்ந்த ஸ்பார்க் பிளக், பலவீனமான இக்னிஷன் காயில், கிழிந்த இன்ஜின் மவுன்ட் எல்லாமே இதே நடுக்கத்தைத் தரும். 'கியர்பாக்ஸ் போச்சு' என்று வேறெங்கோ சொல்லி அனுப்பப்பட்ட காரில் நான் ஒரே ஒரு காயிலை மாற்றி அனுப்பியிருக்கிறேன். சில சமயம் டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்-அப் கிளட்ச்சும் இப்படி உதறும். ஸ்கேனரில் இன்ஜின் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் தவறுவது) எண்ணிக்கையை முதலில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் மட்டும் கியர்பாக்ஸ் பக்கம் திரும்புங்கள்.

இரண்டாவது ஊளை. இது பேரிங்காகவோ ஆயில் பம்ப்பாகவோ இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. சமதளத்தில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே D-யிலிருந்து எல் அல்லது ஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள். கார் வேகம் அப்படியே இருக்க இன்ஜின் சுற்று மட்டும் ஏறும். ஊளையின் சுருதியும் சேர்ந்து ஏறினால் சத்தம் இன்ஜின் பக்கம், அதாவது பம்ப்பிலோ முதல் புல்லியிலோ இருக்கிறது. சுருதி மாறாமல் இருந்து, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

மூன்றாவது, கியர் போட்டதும் தாமதம். பிரேக்கில் கால் வைத்து R அல்லது D போட்டால் ஒரு நொடிக்குள் மெல்லிய இழுப்பு தெரிய வேண்டும். இரண்டு, மூன்று நொடி கழித்து 'டக்' என்று பிடித்தால் அழுத்தம் எழ நேரமாகிறது என்று பொருள். எண்ணெய் குறைவாக இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம்.

நான்காவதைப் பலர் கவனிப்பதே இல்லை. வேகமாக வந்து சட்டென்று பிரேக் பிடித்து நின்று, உடனே கிளம்பினால் கார் மூன்றாம் கியரில் கிளம்புவதுபோல சோம்பலாக நகரும். பெல்ட் தாழ்ந்த விகிதத்துக்குத் திரும்பவில்லை என்பது இதன் பொருள். விகிதத்தை நகர்த்தும் ஸ்டெப் மோட்டாரோ வால்வோ சிக்கியிருக்கலாம்.

நீண்ட ஏற்றத்தில் சக்தி குறைந்து, சற்று நேரம் நின்றால் சரியாகிவிட்டால், எண்ணெய் சூடேறி கணினி தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது. அது பெட்டியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. ஓரமாக நிறுத்தி, P-யில் வைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். ஒருமுறை நடந்தால் பெரிய பளு காரணமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் கூலர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போனால்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாக பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்காமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே என் வழக்கம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் தெரியும் ஊளையும் தாமதமும் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு மறைந்துவிடும்.

குளிர்ந்த நிலையில் R போட்டுத் தாமதம் பாருங்கள். பின்பக்கமாக ஒரு சரிவில் ஏற்றிப் பாருங்கள். ரிவர்ஸில் வழுக்கும் பெட்டி முன்னால் ஒழுங்காக ஓடுவதுபோலத் தெரியலாம். அப்புறம் காலை இறகுபோல வைத்து 20லிருந்து 60 வரை மெதுவாக ஏறுங்கள். ரேடியோ, ஏசி விசிறி இரண்டையும் அணைத்துவிடுங்கள். விற்பவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவார். கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லத் தயங்காதீர்கள். பிறகு 80ல் நிதானமாகப் பிடித்து ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சமதளத்தில் அது அசையாமல் நிற்க வேண்டும். காரணமில்லாமல் நூறு, இருநூறு என்று மேலும் கீழும் ஆடினால் சந்தேகப்படுங்கள். பாதுகாப்பான இடத்தில் ஒரே ஒருமுறை முழுதாக அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் வாங்கிவிட வேண்டாம். நாற்பது நிமிடமாவது ஓட்டி நன்றாகச் சூடானபின் இதே சோதனைகளை மறுபடி செய்யுங்கள். குளிரில் எண்ணெய் தடித்திருக்கும், தேய்ந்த பம்ப்பும் அழுத்தம் தந்துவிடும். சூட்டில் எண்ணெய் இளகி, தேய்ந்த இடைவெளிகளில் கசியும்போதுதான் உண்மை வெளியே வரும். நான் மறுத்த கார்களில் பலவற்றை மறுத்தது இந்த இரண்டாம் சுற்றில்தான்.

ஸ்கேனர் கட்டாயம் வேண்டும், அதுவும் கியர்பாக்ஸ் கணினியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர். அதில் வரும் பிழைக் குறியீடுகளில் பி0868 என்றால் எண்ணெய் அழுத்தம் குறைவு. பி0776 என்றால் அழுத்தக் கட்டுப்பாட்டு சோலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) ஒன்று சொன்னபடி கேட்கவில்லை. விளக்கு எரியாவிட்டாலும் இவை நினைவகத்தில் இருக்கலாம். எல்லாமே சுத்தமாக இருந்து, சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ பிழைக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படி ஆகும். எதுவானாலும் ஏன் என்று கேளுங்கள்.

எந்த மாடல் என்பதும் முக்கியம். நிசான் தன் சிவிடிகளுக்கு, 2003 முதல் 2010 வரையிலான மாடல்களில், அமெரிக்காவில் வாரன்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்கொடுத்தது. நம்பிக்கை குலைந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்ட நடவடிக்கையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். டொயோட்டா 2018ல் அறிமுகப்படுத்திய சிவிடியில் கிளம்புவதற்கென்று தனியாக ஒரு சாதாரண கியரே வைத்தது. பெல்ட் மிகச் சிறிய வளைவில் மடங்கி மிக அதிகப் பளுவைத் தாங்குவது கிளம்பும்போதுதான் என்பதால், அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நீங்கள் பார்க்கும் காரின் ஆண்டுக்கும் மாடலுக்கும் ரீகால் உண்டா, நீட்டித்த வாரன்டி உண்டா, கணினி மென்பொருள் புதுப்பிப்பு உண்டா என்று சேசிஸ் எண்ணை வைத்துத் தேடிவிடுங்கள்.

எண்ணெய் மாற்றுவது

'ஆயுள் முழுதுக்கும் போட்ட எண்ணெய்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் அதை ஏற்கவில்லை. கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும்: நெரிசலில் ஓட்டம், மலைச்சாலை, அதிக வெப்பம், அடிக்கடி முழுப் பளு. பெரும்பாலானோர் ஓட்டுவது அந்தப் பட்டியலில்தான் வரும். என் கணக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. நெரிசலிலேயே ஓடும் காருக்கு 30,000. என் சொந்தக் காரை 62,000 ஓடியிருந்தபோது வாங்கினேன். இந்தக் கணக்கிலேயே இன்று 1,94,000 தாண்டிவிட்டது, பெட்டியைத் திறக்கவே இல்லை. பல நிசான் மாடல்களில் எண்ணெய் பட்ட சூட்டைக் கணினி ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொண்டே வரும். அது 2,10,000ஐத் தாண்டினால் மாற்றச் சொல்கிறது சர்வீஸ் கையேடு. அது கிலோமீட்டர் அல்ல, வெறும் கணக்கு எண். மாற்றியபின் அதைப் பூஜ்யமாக்க வேண்டும்.

எண்ணெய் வகையில் சமரசமே கூடாது. கையேட்டில் எழுதியிருக்கும் சிவிடி எண்ணெய்தான்: என்எஸ்-3 என்றால் என்எஸ்-3, எச்சிஎஃப்-2 என்றால் எச்சிஎஃப்-2. சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கான எண்ணெய்) ஊற்றினால் எஃகோடு எஃகு பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கத் தொடங்கும். சில நாளிலேயே புல்லி கீறிவிடும்.

செய்முறை இது. பத்து நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்குங்கள். காரை நாலு பக்கமும் சமமாகத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் நிரப்பும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கிடந்து, எண்ணெயை ஏற்கெனவே வடித்துவிட்டிருந்தால் கார் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வடியும் எண்ணெயை அளவு குறித்த பாத்திரத்தில் பிடியுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு நிறம். கருத்துப்போய்க் கருகிய வாடை வந்தால் சூடு பட்டிருக்கிறது. பால் கலந்ததுபோல வெளிறியிருந்தால் ரேடியேட்டர் பக்கமிருந்து கூலன்ட் கசிந்து கலந்திருக்கிறது. அந்தக் காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

அடித்தட்டைக் கழற்றினால் காந்தங்கள் தெரியும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் மசிபோல மெல்லிய படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ஊசிபோலக் குத்தினாலோ, வெளிச்சத்தில் மினுக்கும் செதில்கள் தெரிந்தாலோ பெல்ட்டும் புல்லியும் உரசியிருக்கின்றன. அப்போது புது எண்ணெய் ஊற்றுவது செலவுதான், மருந்தல்ல. நன்றாக இருந்தால் காந்தத்தைத் துடைத்து, எண்ணெய் வடிகட்டும் வலையையும் காஸ்கெட்டையும் மாற்றி மூடுங்கள். கூலர் அருகே தனியாக ஒரு காகித ஃபில்டர் உள்ள மாடல்கள் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். போல்ட்டின் வாஷர் புதிதாக இருக்கட்டும். அலுமினியப் புரி மிக எளிதில் கிழியும் என்பதால் கையேடு சொல்லும் இறுக்கத்தோடு நிறுத்திவிடுங்கள்.

வடிந்த அளவையே திரும்ப ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கில் கால் வைத்து, P, R, N, D என்று ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி நிறுத்துங்கள். அப்புறம்தான் அளவு பார்ப்பது. இதில் நான் ஆரம்ப காலத்தில் தவறு செய்திருக்கிறேன். அளவுக்கு மேலான எண்ணெய் வழிந்து வெளியேறுவதற்கென்று ஒரு போல்ட் உள்ள பெட்டிகளில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது போல்ட்டைத் திறந்து, தாரை நின்று சொட்டாக மாறும்போது மூட வேண்டும். பல மாடல்களில் அந்த வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். நான் 70 டிகிரியில் திறந்தேன். சூட்டில் விரிந்த எண்ணெய் கூடுதலாக வழிந்துவிட்டது. மறுநாள் காலை குளிர் ஸ்டார்ட்டில் பம்ப் காற்றை உறிஞ்சி ஊளையிட்டது. கார்க்காரர் உடனே திரும்பி வந்ததால் பெட்டி பிழைத்தது. அன்றிலிருந்து ஸ்கேனரில் எண்ணெய் வெப்பம் பார்க்காமல் அந்தப் போல்ட்டை நான் தொடுவதில்லை.

ஒருமுறை வடித்தால் பாதிதான் வெளியே வரும். எட்டு லிட்டர் பெட்டியில் சுமார் நாலு. மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் நிற்கும். நீண்ட நாள் மாற்றாத காருக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொருமுறை வடித்து ஊற்றுங்கள். முக்கால் பங்கு புதியதாகிவிடும். இயந்திரம் வைத்து அழுத்தித் தள்ளிச் சுத்தம் செய்வதை நான் செய்வதில்லை. அமைதியாகக் கிடந்த துகளை வால்வு பாடிக்குள் தள்ளிவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு.

ஓட்டும்போது

கார் முழுதாக நின்றபின்தான் D-யிலிருந்து R-க்கு மாற்ற வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காரை நிறுத்திவைக்காதீர்கள், அதற்கு பிரேக் இருக்கிறது. சேற்றிலோ மணலிலோ சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே காலை எடுங்கள். சுழலும் சக்கரம் சட்டென்று பிடி கிடைத்து நிற்கும்போது அந்த அதிர்ச்சி நேராகப் பெல்ட்டில்தான் இறங்கும், ஒரு முறையே போதும் புல்லியைக் கீற. பழுதானால் முன்சக்கரக் காரை முன்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது, உள்ளே எல்லாம் உலர்ந்து உரசும்.

பழுது பார்க்க நேர்ந்தால்

திறப்பதற்கு முன் மென்பொருள் புதுப்பிப்பு உண்டா என்று பாருங்கள். உதறல் புகார் வந்த பல மாடல்களுக்குப் புல்லி அழுத்தத்தின் கணக்கைத் திருத்தி நிறுவனங்களே வெளியிட்டிருக்கின்றன. அடுத்தது வால்வு பாடி. காந்தம் சுத்தமாக இருந்து அழுத்தம் பற்றிய பிழைக் குறியீடு மட்டும் வந்தால் அதை மாற்றினாலே பெரும்பாலும் தீரும். ஆனால் புது வால்வு பாடிக்கென்று அளவுத் தரவு உண்டு, அதைக் கணினியில் ஏற்றித்தான் தர வேண்டும். 'மாட்டிவிட்டோம், ஓட்ட ஓட்டச் சரியாகும்' என்று சொல்லும் இடத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பெல்ட் வழுக்கிவிட்டது என்று உறுதியானால், பெல்ட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் புல்லியைக் காட்டச் சொல்லுங்கள். நகத்தால் வருடினால் கீறல் தட்டுப்படக்கூடாது. தட்டுப்பட்டால் அந்தப் புல்லி புது பெல்ட்டையும் தின்றுவிடும். புல்லிகளும் பெல்ட்டும் சேர்ந்த தொகுதியாகவோ முழுப் பெட்டியாகவோதான் மாற்ற வேண்டும். உடைத்த காரிலிருந்து எடுத்த பெட்டி என்றால், பொருத்தும் முன் அதன் அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தை நீங்களே பாருங்கள்.

கூலரையும் கேளுங்கள். பழைய பெட்டியின் துகள் கூலருக்குள்ளும் போய்த் தங்கியிருக்கும். அதை மாற்றாமல் புதுப் பெட்டி மாட்டினால், முதல் நாளே அந்தத் துகள் புது வால்வு பாடிக்குள் போய்விடும். நான் புதுப் பெட்டி பொருத்திய ஒவ்வொரு காரையும் ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பக் கூப்பிட்டு எண்ணெயை ஒருமுறை வடித்து, காந்தத்தைக் கார்க்காரர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக்கிடமும் அந்தத் தேதியை அன்றே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.